மரத்துக்கு ஒரு பிட், இரும்புக்கு ஒரு பிட்

மும்பை தாராவியில் சின்னச் சின்னப் பட்டறைகள் பல உண்டு. ஒன்றில் மர வேலை நடக்கும். பக்கத்திலேயே இரும்பு வேலை நடக்கும். அவசரத்துக்குப் பிட்டை இரவல் வாங்குவது எளிது. ஆபத்தும் அங்கேதான்.

பலகையில் பள்ளம் எடுக்கவும், ஓரத்தை உருட்டவும் ரவுட்டர் எந்திரம் உதவுகிறது. அதில் மாட்டும் வெட்டுக் கருவிதான் பிட். ரவுட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று சுற்றும்.

மர பிட்டைப் பாருங்கள். பொதுவாக இரண்டே பற்கள் இருக்கும். நடுவே அகலமான பள்ளம் இருக்கும். மரத்தூள் அதன் வழியே வெளியேறும்.

இரும்பு வெட்டும் பிட்டை 'எண்டு மில்' என்பார்கள். அதில் பெரும்பாலும் நான்கு பற்கள். பள்ளம் குறுகல். அதை மரத்தில் ஓட்டினால் தூள் அடைக்கும். சூடேறும். பலகை கருகும். பிட் மழுங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். புத்தம் புதுப் பிட்டும் இப்படித்தான் கருக்கும்!

மர பிட்டால் இரும்பை வெட்டலாமா? கூடவே கூடாது. அதன் பல்லில் கார்பைடு துண்டு ஒட்டியிருக்கும். கார்பைடு கடினமானது. ஆனால் அடிபட்டால் உடையும். உடைந்த துண்டு கண்ணில் பாயும்.

வேகமும் ஒத்துவராது. இரும்பை வெட்ட, அரை அங்குல ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டுக்கு நிமிடத்துக்குச் சில நூறு சுற்றே போதும். ரவுட்டர் அவ்வளவு மெதுவாகச் சுற்றாது. இரும்பு வேலைக்கு மில்லிங் எந்திரமே சரி. அலுமினியம் மட்டும் ஓரளவு இணங்கும். அதற்கு ஏற்ற கார்பைடு பிட் வேண்டும். தகட்டை இறுகக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும்.

பிட்டின் தண்டையும் அளந்து வாங்க வேண்டும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அந்தப் பிடியில் 6 மில்லிமீட்டர் தண்டை மாட்டினால் சரியாக இறுகாது. ஓடும்போதே பிட் கழன்று வந்துவிடும்.