ரதிக்கு ரீலோட் போட்டாச்சா?

ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதல் நீளம். மலைநாட்டு ரயில் பாதையிலேயே நீளமான சுரங்கம் இதுதான். பதுளை ரயில் அதற்குள் நுழைந்தால் பெட்டி முழுக்க "கூ" என்று கத்த வேண்டும். சட்டமா என்றால் சட்டம் இல்லை, ஆனால் கத்தாதவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கத்தினோம். எல்லோரும் ஓய்ந்த பிறகும் ஒரு குரல் மட்டும் இருட்டில் ஓயவில்லை. கூவலை இழுத்து, வளைத்து, ஒப்பாரியாக்கி, "சுவாமீ..." என்று போய் நின்றது.

வெளிச்சம் வந்ததும் பார்த்தால் எதிர் சீட்டில் ஒரு பையன். காதில் வயர், மடியில் துணிக்கடைப் பை, மேலுதட்டில் புதிதாக மழித்த பச்சை. பக்கத்தில் இருந்தவன் அவனை முழங்கையால் இடித்தான்.

"பத்தாதுடா. நான் செத்ததுக்கு இவ்வளவுதான் அழுவியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மன்மதனைச் சிவன் எரிக்கிற காமன் கூத்தின் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத்தான் கொட்டகலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரை தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என்று நினைத்தால், ரதியும் மன்மதனும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் என் எதிரில் மாலு பணிஸ் தின்றுகொண்டிருக்கிறார்கள்!

(மீன் வைத்த அந்த மாலு பணிஸைத் தின்றது காப்புக் கட்டி விரதம் தொடங்குவதற்கு முன்னால். இதை எழுதும்போது அவர்கள் கேட்டுக்கொண்டபடி பதிவு செய்கிறேன்.)

இது 2025 மாசி. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற அன்று காமன் பொட்டலில் கம்பம் ஊன்றியிருந்தார்கள். ஆமணக்குக் கொம்பு, கரும்பு, வைக்கோல், வரட்டி. அன்று தொடங்கி வளர்பிறை முழுக்கக் கூத்து. கடைசி இரவு விடிய விடிய ஆடி, கருக்கலில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். அந்தக் கடைசி இரவு மார்ச் 13, வியாழன், பௌர்ணமி. பௌர்ணமி என்றால் இங்கே பௌத்தர்களின் போயா விடுமுறை. தோட்டத்து வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்குப் போக வேண்டாம். முக்கியமாகச் சாராயக் கடையும் பூட்டு. இதைச் சொன்னபோது கூத்துக் கமிட்டித் தலைவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த சந்தோசம். மாரனை வென்ற புத்தர், மாரனுடைய கூத்துக்கு இப்படி ஓர் உதவி செய்கிறார்.

ஆனால் நாலு நாள் தள்ளி, 17ஆம் தேதி, சாதாரணதரப் பரீட்சை. தோட்டத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுக்காகக் கூத்து வரலாற்றில் முதன்முறையாக ஒலிபெருக்கிக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது: ஒன்பது மணிக்குப் பிறகு தப்பு மட்டும்தான், மைக் இல்லை. கடைசி இரவுக்கு மட்டும் விலக்கு. "பாஸ் பண்ணலைன்னா காமன் மேல பழி வந்துருமில்ல?" என்றார் தலைவர்.

சரி, உள்ளே போவோம். ரதி, மன்மதன் இரண்டு பேருக்கும் கொழும்பில் வேலை. வருடத்தில் முக்கால்வாசி அங்கேதான். அப்படியென்றால் பாட்டு எப்போது படித்தார்கள்? முன்பெல்லாம் தைப்பொங்கல் கழிந்தால் கூத்துப் பழக்குகிற மாஸ்டர் வீட்டு இஸ்தோப்பில் ஒத்திகை. தேத்தண்ணி ஊற்றி ஊற்றி மாஸ்டர் வீட்டுச் சீனிப் போத்தல் காலியாகுமாம். இப்போது மாஸ்டருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பேரன் பழைய போனொன்றை அவர் கையில் கொடுத்திருக்கிறான். இரவு எட்டு மணிக்குப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனுக்குள் பாடுவார். அந்தப் பாட்டு, வாட்ஸ்அப் குழுவில் விழும். கொழும்பில் பத்துப் பேர் படுக்கிற அறையில் பாட முடியாதென்று ரதி மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று திருப்பிப் பாடி அனுப்புவான். மாஸ்டர் திருத்துவார். அவன் மறுபடி ஏறுவான்.

கமிட்டியின் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினார்கள். வீட்டு வரி, பூ, கற்பூரம், வைக்கோல், ஒலிபெருக்கி வாடகை. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: "ரதி ரீலோட்". நான் சிரித்துவிட்டேன். பொருளாளர் சிரிக்கவில்லை. "மூணு தரம் போட்டிருக்கோம்ங்க. டேட்டா இல்லாம ரதி எப்பிடி அழும்?"

வீட்டு வரியில் இன்னொரு கூத்து. முன்பு வரி கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள், கொடுக்காதவர் காது கேட்காததுபோல் இருந்துவிடலாம். இப்போது வங்கியில் போட்ட சிட்டையைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறார்கள். சவூதியில் வீட்டு வேலை செய்கிற அக்கா முதல் ஆளாகப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு உள்ளூர்க்காரர் யாருக்கும் ஓடி ஒளிய வழியில்லை.

மாஸ்டரின் சீஆர் கொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்டை எண்ணெய் பிடித்து வெற்றிலைக் கறை ஏறியிருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த ஆட்கள் கூத்தை எழுதிக்கொண்டு வரவில்லை. மனதில் கொண்டு வந்தார்கள். மாஸ்டரின் சித்தப்பாதான் முதலில் எழுதி வைத்தவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் இந்தியா போக வேண்டும் என்று எழுதிக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் சித்தப்பாவும் போனார். போகிற அவசரத்தில் கொப்பியை விட்டுவிட்டார். பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய மகன் கூடலூரில் இருக்கிறார். அவரும் குழுவில் உண்டு! இந்த முறை ரதி அழுகிற இடத்தில் மாஸ்டர் ஒரு அடியை விட்டுவிட, கூடலூரிலிருந்து இரவு பதினொன்றரைக்கு ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது: "அண்ணே, எங்கப்பா அந்த எடத்துல ரெண்டடி பாடுவாரு." கொப்பியைப் பார்த்தால் அந்த இடத்தில்தான் வெற்றிலைக் கறை. ஒப்பந்தம் போட்ட இரண்டு அரசாங்கங்களும் இதை எதிர்பார்த்திருக்காது.

குழுவில் சண்டையும் உண்டு. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சாவூர்ப் பக்கம் லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து இரவு முழுக்கப் பாடிப் பாடி மோதுவார்கள். இங்கே அதையே நெருப்புப் படமும் அழுகைப் படமும் அனுப்பி மோதுகிறார்கள். ஒரு கட்டத்தில் தலைவர் எல்லோர் வாயையும் பூட்டி, தான் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார். தோட்டத்துத் துரைமாருக்குக்கூட இந்த அதிகாரம் இருந்ததில்லை என்று மாஸ்டர் முணுமுணுத்தார்.

வியாழன் இரவு, வேஷங்கட்டுகிற காம்பரா. லயத்துக் கடைசி வீடு, பொட்டலுக்குப் பக்கம். ஒரு குண்டு பல்பு, ஒரு கண்ணாடி, பதினோரு ஆண்கள். முத்து வெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைக்கிற வாசத்தை எதிர்பார்த்துப் போனேன். சிவனுக்கும் எமனுக்கும் அதுதான். ரதிக்குக் கொழும்பிலிருந்து பவுண்டேசன் வந்திருந்தது. ஜாக்கெட்டுக்குள் வைக்கச் சிரட்டையா, பஞ்சா என்ற பழைய விவாதத்துக்கு மெத்தைக் கடைப் பஞ்சு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

சிவன் திரீவீல் ஓட்டுகிறவர். நெற்றிக்கண்ணுக்குள் இருந்தது அவருடைய திரீவீலின் பிரேக் லைட்! இடுப்பில் பெட்டரி, உள்ளங்கையில் சுவிட்ச். மேலெல்லாம் நீறு பூசிச் சணல் சடையும் கட்டி முடித்தபிறகு போன் அடித்தது. ஹயர். ஒரு கிழவிக்கு மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிவன் அப்படியே எழுந்து போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "ஆத்தா என்னையப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. நேரா கூட்டிப்போக வந்துட்டேன்னு நெனைச்சிருக்கும்" என்றார். கிழவி நலம்.

வெளியே வைக்கோல் தீயில் தப்புக் காய்ச்சினார்கள். கொட்டகலைப் பனியில் தோல் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும், திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலை பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டது இதே தப்புதான். இப்போது அதற்கு ஒவ்வொரு தலைமாட்டிலும் போன் அலாரம்; தப்புக்கு மிச்சமிருப்பது சாமியும் சாவும் கூத்தும்.

போன் என்றதும் நினைவு வருகிறது. வீரபத்திரன் ஆட்டத்துக்கு முன்னால் ஓர் அலுமினியப் பேசினை நடுவில் வைத்தார்கள். வீரபத்திரனுக்கு அருள் வந்தால் இடுப்பில் கயிறு கட்டி நாலைந்து பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். போன வருடம் கயிறு பிடித்தவர்களில் இரண்டு பேர் ஒரு கையில் படம் பிடித்துக்கொண்டிருக்க, வீரபத்திரன் கயிற்றோடு தேயிலைக்குள் இறங்கிவிட்டார். ஆகவே இந்த வருடம் கயிறு பிடிக்கிறவர்களும் வேஷங்கட்டுகிறவர்களும் போனைப் பேசினில் போட்டுவிட்டுத்தான் பொட்டலுக்கு வரலாம். அரிசி கழுவுகிற பேசினில் ஒன்பது போன்கள் ஒன்றையொன்று உரசி நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவற்றுக்கும் அருள் வந்திருந்தது.

இனி என் மனக்குறை ஒன்று. ரதியின் தங்கை அந்தக் காம்பராவின் மூலையில் வரலாற்றுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அது அவர்கள் வீடுதான். பரீட்சை எழுதுகிற ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. அண்ணனுக்குச் சேலைக் கொசுவம் வைத்தது அவள். "அண்ணே, அப்பிடி நடந்தா ரதி இல்ல, பொலிஸு" என்று திருத்தியது அவள். கொழும்பிலிருந்து வந்த ஒப்பாரிப் பதிவையெல்லாம் கேட்டுக் கேட்டு அத்தனை அடியும் அவளுக்கு மனப்பாடம். இந்தப் பொட்டலில் ரதியும் ஆண்தான். ஏன் அவள் ஆடக் கூடாது என்று மாஸ்டரிடம் கேட்டேன். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பதில் வரவில்லை. பிறகு, "பரீட்சை முடியட்டும்" என்றார். அது வழக்கமாகத் தட்டிக்கழிக்கிற பேச்சா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததுபோல் இருந்தது, புத்தகத்துக்குள் சிரித்தாள்.

கருக்கலில் எரித்தார்கள். பிரேக் லைட் சிவப்பாகப் பளீரிட்டது, கம்பத்து வைக்கோல் குப்பென்று பிடித்தது. சிங்கமலையில் ஒத்திகை பார்த்த அழுகை இப்போது நிஜமாகவே வந்தது. கூடலூர் சொன்ன இரண்டாவது அடியில் ரதி தடுமாற, படங்குக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் சொல்லெடுத்துக் கொடுத்தது. கிழவிகள் முந்தானையில் மூக்குச் சிந்தினார்கள். எனக்கும் புகை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரிந்த மன்மதனை யாரும் பார்க்கக் கூடாது. மூன்றாம் நாள் எழுப்புகிறவரை ஒளிந்திருக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால், விறகு அடுக்குக்கு அந்தப் பக்கம், நெற்றிப் பொட்டு கரைந்து வழிய ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுகொண்டிருந்தான். இங்கேதான் கணக்கு இடித்தது. எரித்தது வெள்ளி. எழுப்புவது ஞாயிறு. சனி காலை கடை திறக்க அவன் புறக்கோட்டையில் நிற்க வேண்டும்.

பேசினிலிருந்து அவனுடைய போனை எடுத்து வந்து கொடுத்தார்கள். வாயில் ரொட்டியோடு முதலாளிக்கு அடித்தான்.

"மொதலாளி, நாளைக்கு வர ஏலாது போல... இல்ல மொதலாளி, காய்ச்சல் எல்லாம் இல்ல. நான் ஞாயித்துக்கெழமைதான் எழும்புவேன்."