கட்டமும் கணக்கும் – 9: ஜூன் 12-ஐத் தாண்டினால் சிவப்பு

திருச்சியிலிருந்து கிழக்கே நெல் வைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தேதியை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. ஜூன் 12, மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள். அன்று மதகைத் தூக்கினால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் முக்கொம்பைக் கடந்து, ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையை நனைத்துக்கொண்டு, கல்லணைக்கு வந்து சேரும். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் குறுவைக்கு நாற்று விடுவார்கள். நாள் தள்ளத் தள்ளக் குறுவை கைநழுவும். அப்புறம் சம்பா ஒன்றுதான்.

தேதிகளை வரிசைப்படுத்துவது பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். ஊரில் விவசாயிகள் சங்கத்துக் கணக்கை எக்செல்லில் வைத்திருப்பவர். 2011-லிருந்து 2025 வரை மேட்டூர் திறந்த தேதிகளை வரிசையாக ஏற்றியிருக்கிறார். “தண்ணி நாளோட வந்த வருஷம் எது, ஏமாத்துன வருஷம் எதுன்னு பார்த்த உடனே தெரியணும் சார். ஒவ்வொண்ணா நானே கலர் அடிச்சுட்டு இருக்கேன்” என்றார். கையால் கலர் அடிக்கத் தேவையில்லை. கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற வசதி இருப்பதே இதற்காகத்தான். கட்டத்தில் இருக்கும் மதிப்பு நாம் சொன்ன நிபந்தனைக்கு உட்பட்டால் கட்டம் தானே நிறம் மாறும்; மதிப்பைத் திருத்தினால் நிறமும் திரும்பும். எக்செல் 97-இல் வந்தபோது ஓரிடத்துக்கு மூன்று நிபந்தனைகள்தான் வைக்க முடிந்தது. 2007 பதிப்பில் அந்த வரம்பு போய், கலர் ஸ்கேல், டேட்டா பார், ஐகான் செட் எல்லாம் சேர்ந்தன. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபீஸ் கால்க் இரண்டிலும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் உண்டு.

அவருடைய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் ஆண்டு, இரண்டாவதில் அணை திறந்த தேதி. 2011-இல் ஜூன் 6. 2012-இல் செப்டம்பர் 17. 2013-இல் ஆகஸ்ட் 2, 2014-இல் ஆகஸ்ட் 15, 2015-இல் ஆகஸ்ட் 9. 2016-இல் செப்டம்பர் 20. 2017-இல் இன்னும் மோசம், அக்டோபர் 2. 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்ட் 13. பிறகு 2020, 2021 இரண்டிலும் சரியாக ஜூன் 12. 2022-இல் அதற்கும் முன்னால், மே 24. 2023-இல் மறுபடி ஜூன் 12, 2024-இல் ஜூலை 28, 2025-இல் ஜூன் 12.

தலைப்பை விட்டுவிட்டுப் பதினைந்து வரிசைகளையும் தேர்ந்தெடுங்கள். ஹோம் பகுதியில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் நியூ ரூல், அதில் சூத்திரம் எழுதும் கடைசி வகை. ‘டேட்’ ஃபங்ஷனுக்குள் அந்த வரிசையின் ஆண்டு, 6, 12 என்று கொடுத்தால் அந்தந்த ஆண்டின் ஜூன் 12 கிடைக்கும். திறந்த தேதி அதைவிடப் பெரிதா என்று கேளுங்கள். பெரிது என்றால் சிவப்பு. இன்னொரு நிபந்தனை: அதற்குச் சமமோ சிறிதோ என்றால் பச்சை. கவனிக்க வேண்டியது டாலர் குறி. நெடுவரிசை எழுத்துக்கு முன்னால் டாலர் போட வேண்டும், வரிசை எண்ணுக்கு முன்னால் போடக்கூடாது. அப்போதுதான் முழு வரிசையும் தன் தேதியைப் பார்த்து நிறம் மாறும். எண்ணுக்கும் டாலர் போட்டால் பதினைந்து வரிசையும் முதல் வரிசையின் தேதியையே பார்த்து ஒரே நிறமாக நிற்கும்.

சரியாக வந்தால் திரையில் தெரிவது: உச்சியில் ஒரு பச்சை, அதன்கீழ் இடைவிடாமல் எட்டு சிவப்பு, பிறகு நான்கு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு பச்சை. அந்த எட்டு ஆண்டுகளையும் டெல்டாக்காரர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரே பட்டையாகப் பார்க்கும்போதுதான் அதன் நீளம் உறைக்கிறது.

வாசகருக்கு அப்படி வரவில்லை. மறுநாள் மறுபடி போன். “சார், 2020 சிவப்பா வருது. 2013-உம் 2017-உம் பச்சையா நிக்குது. அக்டோபர் மாசம் தொறந்தது எப்படிச் சார் பச்சை?”

சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. அந்த முறையில் மாதம் முதலில், நாள் பிறகு. நாம் அடிக்கிற 12/06/2020 அதற்கு டிசம்பர் 6. அதனால் 2020, 2021, 2023, 2025 நான்கும் சிவப்பு. 02/10/2017 அதற்குப் பிப்ரவரி 10, அதனால் பச்சை. 2013-இன் 02/08 பிப்ரவரி 8 ஆயிற்று. 24/05/2022 கதை வேறு. இருபத்து நாலாம் மாதம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல் எப்போதும் எழுத்தைத்தான் பெரிது என்று சொல்லும். பதினைந்து ஆண்டுகளில் எல்லாவற்றுக்கும் முந்தித் தண்ணீர் வந்த ஆண்டு இப்படிச் சிவப்பாகிவிட்டது. ஆகஸ்ட் 15-உம் செப்டம்பர் 20-உம் அதே காரணத்தால்தான் சிவப்பு. விடை சரி, வழி தப்பு. கண்டுபிடிக்க எளிய வழி, அந்த நெடுவரிசையின் இடவல ஒழுங்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். விண்டோஸின் ரீஜன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டுத் தேதிகளைப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும். பழைய தேதிகள் தாமாகத் திருந்தாது.

அடுத்த தப்பு இதைவிடச் சத்தமில்லாதது. 2026 என்று ஒரு வரிசை சேர்த்து, தேதியைக் காலியாக விட்டுப் பாருங்கள். பச்சையாகும்! காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் எந்த ஜூன் 12-ஐவிடவும் சிறியது. இன்னும் திறக்காத அணை நாளோடு திறந்ததாகத் தெரிகிறது. பச்சைக்கான சூத்திரத்தில் ‘அண்ட்’ போட்டு, கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் எல்லை நம்முடையது. ஜூன் 12 என்று நாம் சொன்னோம், மென்பொருள் கேட்டுக்கொண்டது. கலர் ஸ்கேலுக்குப் போனால் நிலைமை தலைகீழ். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் ஓடும் அந்தப் பட்டையைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள், பார்க்க அழகாக இருப்பதால். வாசகரும் எடுத்தார். ஜூன் 12-க்குப் பிறகு எத்தனை நாள் தாமதம் என்று மூன்றாவது நெடுவரிசை போட்டார். 2012-க்கு 97 நாள், 2016-க்கு சரியாக 100, 2017-க்கு 112, 2018-க்கு 37. தொடர்ந்து தாமதமான அந்த எட்டு ஆண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கலர் ஸ்கேல் கொடுத்தார். 2018 பளிச்சென்று பச்சையாகிவிட்டது.

முப்பத்தேழு நாள் தாமதத்துக்குப் பச்சை! கலர் ஸ்கேல் வெளியே எங்கும் பார்ப்பதில்லை. தனக்குக் கொடுத்த எண்களில் சிறியது எது, பெரியது எது என்று பார்த்து, சிறியதற்கு ஒரு கோடி நிறத்தையும் பெரியதற்கு மறுகோடி நிறத்தையும் கொடுக்கிறது. நடுவில் வருவதற்கு மஞ்சள். எட்டும் கெட்ட ஆண்டுகளாக இருந்தாலும் அதில் ஒன்றுக்குப் பச்சை கொடுத்தே தீரும். அதே 2018-ஐப் பதினைந்து ஆண்டுப் பட்டியலில் வைத்தால் மஞ்சளை நெருங்கிவிடுகிறது. ஒரே ஜூலை 19, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. வறட்சி வருடத்தை வறட்சி வருடங்களோடு மட்டும் ஒப்பிடும் அறிக்கை எதற்கும் உதவாது என்பேன். அது பார்ப்பவரைச் சமாதானப்படுத்தும், அவ்வளவுதான்.

திருத்த வழி உண்டு. மேனேஜ் ரூல்ஸுக்குள் போய், சிறியது, நடு, பெரியது மூன்றின் வகையையும் ‘நம்பர்’ என்று மாற்றி, எண்ணை நாமே கொடுக்கலாம். சிறியது 0, பெரியது 100 என்று வைத்தோம். நடுவுக்கு என்ன? “ஜூலை பாதி தாண்டுனா எங்க பக்கம் குறுவையை மறந்துட வேண்டியதுதான்” என்றார். நடு எண் 30 ஆயிற்று. அந்த 30 எக்செல்லுக்குள் எங்கும் கிடைக்காது. வயலில் இறங்கியவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இப்போது எந்த ஆண்டுகளைச் சேர்த்தாலும் விலக்கினாலும் 2018 மஞ்சளைத் தாண்டியே நிற்கிறது.

டேட்டா பாரிலும் இதே வேலை இருக்கிறது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்க்கிறவர்கள் அடிக்கணக்கை அப்படியே ஏற்றி, 120 அடிக்கு முழுப் பட்டை வைப்பார்கள். 60 அடிக்குப் பாதிப் பட்டை நிற்கும். ஆனால் அணை மேலே போகப் போக விரிந்துகொண்டே போகிறது. 120 அடியில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணை, 60 அடியில் கிட்டத்தட்ட 25 டி.எம்.சி.தான் வைத்திருக்கும். கால்பங்கு. பட்டையை நீர் இருப்புக்குப் போடுங்கள், பெரிய எண் 93.47 என்று நீங்களே அடியுங்கள். எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்பதும் அதிலிருந்து பிடிபடும்: விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. தீரும்.

மழைக்கணக்கு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய வானிலைத் துறை கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் ஊருக்குள் வந்ததைப் பார்த்த கருமண்டபம், உறையூர்க்காரர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று விதி எழுதும்போது பெரிய எண்ணின் விதி பட்டியலில் மேலே இருக்க வேண்டும். 210 மில்லிமீட்டர் என்பது 64.5-ஐவிடவும் பெரிதுதானே, மஞ்சள் விதி மேலே இருந்தால் 210-உம் மஞ்சளாகவே நின்றுவிடும். கட்டங்களை நகலெடுத்து ஒட்டும்போது விதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு பெருகும் என்பதால், மாதம் ஒருமுறை மேனேஜ் ரூல்ஸைத் திறந்து தேவையில்லாததைக் களைந்துவிடுங்கள்.

சங்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வாசகர் அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்கப் போகிறார். கறுப்பு வெள்ளைப் பிரதியில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத கண் உள்ளவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், ஆண்களில் அதிகம். அதனால் ‘நாளோடு’, ‘தாமதம்’ என்று எழுத்தில் சொல்லும் நெடுவரிசை ஒன்றும் போடச் சொன்னேன்.

நிறத்தை நம்பும்போது மறக்கக்கூடாத ஒன்று, அந்த 2018-இலேயே இருக்கிறது. ஜூலை 19-இல் தாமதமாகத் திறந்த அணை சில நாளிலேயே 120 அடியை எட்டியது. ஆகஸ்டில் காவிரியும் கொள்ளிடமும் கரை நிரம்பி ஓடின. ஸ்ரீரங்கம் தீவுக்கு இருபுறமும் தண்ணீர். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் மதகுகள் உடைந்தன. 45 மதகுகளில் 9 போயின. வெள்ளத்தின் உச்சம் கடந்து நீர்வரத்து இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நீர்வரத்தை மட்டும் பார்த்து நிறம் மாறும் ஷீட் ஒன்றை அன்றைக்கு யாராவது வைத்திருந்தால், அது சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியிருக்கும். மதகின் வயதுக்கும் தேய்மானத்துக்கும் அதில் நெடுவரிசை இருந்திருக்காது.

ஏரிப் பாசன சங்கத்திலோ, கிராமத்து வாய்க்கால் குழுவிலோ இருப்பவர்கள் இப்படி ஒரு ஷீட் தொடங்கலாம். ஒரு வரிசைக்கு ஒரு மதகு. பக்கத்தில் கடைசியாகச் சோதித்த தேதி. ‘டுடே’ ஃபங்ஷனால் இன்றைய தேதியை எடுத்து, சோதித்த தேதியைக் கழித்து, 180 நாளைத் தாண்டினால் சிவப்பு என்று ஒரே விதி. தினமும் ஷீட்டைத் திறக்கும்போது அது தானே எண்ணிக்கொள்ளும். இங்கே காலிக் கட்டத்தைத் தடுக்க ‘அண்ட்’ சேர்க்க வேண்டாம். காலி என்றால் பூஜ்யம், இன்றைய தேதியிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் நாற்பதாயிரத்துக்கும் மேல் வரும். யாரும் போய்ப் பார்க்காத மதகு சிவப்பாகவே நிற்கும்.

(அடுத்த வாரம்: ஒரே பட்டியலை நான்கு பேர் திருத்தும்போது, யார் எதை மாற்றினார் என்று கண்டுபிடிப்பது)