உறை ஊற்றுகிற சூடு

மார்கழியிலும் தையிலும் தயிர் லேசில் உறையாது. அதற்குப் பல வீடுகளில் ஒரு கைவைத்தியம் உண்டு. காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி மோரை விட்டு, பாத்திரத்தோடு ஹாட் பாக்ஸுக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். காலையில் திறந்தால் தயிர் கட்டியாக நிற்கும். அதே ஹாட் பாக்ஸைத்தான் கழுவித் துடைத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சாம்பார் சாதம் போட்டுக் கொடுக்கிறார்கள்.

இரவெல்லாம் பாக்டீரியாவை வளர்த்துக் கொடுத்த பெட்டி, பகலில் அதைத் தடுத்துவிடுமா? பெட்டிக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. உள்ளே போகும்போது இருந்த சூட்டை மெல்ல மெல்ல விடுவது ஒன்றுதான் அதன் வேலை. எண்பது டிகிரியில் போட்ட சோற்றை எழுபதிலும் அறுபதிலும் தாங்கிப் பிடித்தால் அது நல்ல பெட்டி. நாற்பதுக்கு இறங்கவிட்டு அங்கே மணிக்கணக்கில் உட்காரவைத்தால், அது உறை ஊற்றுகிற பெட்டிதான்.

மணப்பாறையிலிருந்து திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். படிப்புக்காகத் தினமும் அந்தத் தூரம் போய்வரும் பிள்ளைகள் உண்டு. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மணப்பாறைக்கே வேன் ஏறி வரும் பிள்ளைகளும் உண்டு. வேன் ஏழேகாலுக்கு வரும் என்றால் அடுப்பை ஆறரைக்கு அணைத்தாக வேண்டும். பள்ளியில் சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கோ ஒரு மணிக்கோ அடிக்கும். சோற்றுக்கு ஆறு மணி நேரப் பயணம்.

சமைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வை, இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே வை, இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதே என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. மணப்பாறை வெயிலில் பள்ளிக்கூடப் பையின் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து டிகிரி நடக்காத காரியம். மிச்சமிருப்பது அறுபதுதான்.

இந்த இடைப்பட்ட சூட்டில் சோற்றுக்கென்றே ஓர் எதிரி இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். மண்ணில் வாழ்வது, நெல்லோடு வயலிலிருந்தே வீட்டுக்கு வந்துவிடும். அதன் வித்துகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் வித்து முளைக்கும், பெருகும், நஞ்சு சுரக்கும். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்து விழுந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. முதல் நாள் வடித்த சோற்றைக் குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியே விட்டு, மறுநாள் வறுத்துப் பரிமாறியதுதான் காரணம்.

‘இன்னொரு தடவை சுட வைத்தால் சரியாகிவிடும்’ என்ற சமாதானம் இங்கே எடுபடாது. வாந்தியை உண்டாக்கும் செரூலைட் என்ற நஞ்சு, கொதிக்கவைத்தாலும் அழியாத ரகம். 2008-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஐந்து நாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பகெட்டியைச் சுடவைத்துச் சாப்பிட்ட இருபது வயது மாணவர் அன்றிரவே இறந்துபோனார். அது ஐந்து நாள். இங்கே ஆறு மணி நேரம். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் மத்தியானம் திறந்த டப்பாவில் சோறு கொழகொழத்து நூல் விட்டிருந்தால் அந்தப் பயணம் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். சீரியஸ் விஷயத்தில் இன்னொரு சங்கடம், பல நேரம் வாடைகூட வராது.

ஆக, பெட்டியின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்சிப் பெரிய கடைவீதியிலோ என்.எஸ்.பி. ரோட்டிலோ பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் எல்லா டப்பாவும் வெளியே ஒரே மாதிரி மினுக்கும். எல்லாவற்றையும் ‘ஹாட் பாக்ஸ்’ என்றே எடுத்துப் போடுவார்கள். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் டிபனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அசையாத காற்றோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் 500 மடங்குக்கும் அதிகமாகச் சூட்டைக் கடத்துகிறது. அடுத்தது இரட்டைச் சுவர். நடுவே வெறும் காற்று. காற்று அசையாமல் நின்றால் நல்ல காப்புதான், ஆனால் அகலமான இடைவெளியில் அது சும்மா இருக்காது. சூடானது மேலே போகும், ஆறியது கீழே வரும், போகிற வழியில் சூட்டைச் சுமந்துகொண்டு போகும். அந்தக் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளுக்குள் அடைத்துப் போட்டால் அதுதான் ‘பஃப்’ எனப்படும் பாலியூரித்தேன் நுரை. சப்பாத்தி போட்டு வைக்கும் ஹாட் பேக் எல்லாம் இந்த இனம். வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இது போதும். ஆறு மணி நேரத்துக்குச் சிறிய டப்பாவாக இதை நம்புவது கொஞ்சம் துணிச்சல்.

கடைசி இனம், நடுவில் காற்றே இல்லாதது. கதை 1892-இல் தொடங்குகிறது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். திரவமானது ஆவியாகி ஓடாமலிருக்க, இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை செய்து, நடுவிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, வெள்ளிப் பூச்சும் கொடுத்தார். கடத்துவதற்கும் சுமப்பதற்கும் அங்கே பொருளே இல்லை. கதிராகப் போகிற சூட்டை வெள்ளி திருப்பி அனுப்பிவிடும். ஆனால் மனிதர் காப்புரிமை வாங்கவில்லை. பெர்லினில் கண்ணாடி ஊதும் தொழில் செய்த ரைன்ஹோல்ட் பர்கர் அதையே வீட்டுக்கு ஏற்றபடி செய்து 1903-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு அதற்குத் தெர்மாஸ் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. டூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். ஆஸ்பத்திரிக்குக் காப்பி கொண்டுபோகிற பிளாஸ்க்கின் பூர்வீகம் இதுதான். இன்று பிள்ளைகளின் கையிலிருக்கும் வேக்வம் டப்பாவில் கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர்; தத்துவம் அதேதான்.

வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தால் போதும். சுவரின் நடுப்பகுதி கதகதப்பாக இருந்தால் அங்கே வெற்றிடம் இல்லை. ஒன்று, முதலிலேயே இருந்ததில்லை, அல்லது டப்பா கீழே விழுந்து ஒடுங்கி எங்கோ விரிசல் விட்டுவிட்டது. வாய்ப்பக்கம் மட்டும் சூடேறுவது இயல்பு; உள்சுவரும் வெளிச்சுவரும் சேரும் இடம் அது. கசிவதெல்லாம் அங்கும் மூடியிலும்தான். சுவருக்கு இத்தனை பாடுபட்டுவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் மூடி போட்டு விற்கிற டப்பாக்கள் ஏராளம். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தாற்போல.

காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கமும் நம் ஊரில் உண்டு. ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் கலந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரி. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசையிலும் ஒட்டாது என்பதை அவர் சொல்லமாட்டார். புளியும் எலுமிச்சையும் தயிரும் தினமும் படுகிற டப்பாவுக்கு 304 தேவை. அதற்குப் பொறித்திருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்த வகைக் குடுவைகளுக்கும் பாத்திரங்களுக்கும் 2023-இல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்திருக்கிறது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுவதிலும் தப்பில்லை.

அட்டைப்பெட்டியில் ‘எட்டு மணி நேரம் சூடு’ என்று அச்சிட்டிருப்பதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே படிக்க வேண்டும். அந்த நேரத்தைக் கணிக்கும் சோதனைகளில் டப்பாவை நிரப்புவது கொதிநிலையை ஒட்டிய வெந்நீர். நம் டப்பாவில் போவது, கிளறிப் பிசைந்து நெய் விட்டு அதற்குள் பாதி ஆறிப்போன சோறு. அதுவும் முக்கால் டப்பா.

இங்கேதான் சமையலறைக் கணக்கு வருகிறது. 300 கிராம் சாம்பார் சாதத்திலிருந்து ஒரே ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போனால், மொத்தச் சோறும் ஏறக்குறைய இரண்டு டிகிரி ஆறிவிடும். ‘ஆவி போகட்டும்’ என்று மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு வருவதற்குள் மூன்று நான்கு கிராம் போயிருக்கும். அப்புறம் பாத்திரம் தின்கிற சூடு. உள்சுவர் 200 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், பச்சைத்தண்ணீரில் கழுவிய டப்பாவில் சோற்றைப் போட்ட மாத்திரத்தில் நான்கு டிகிரிக்கு மேல் அது இழுத்துக்கொள்ளும். கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டுச் சோற்றைப் போட்டால் அந்த நஷ்டம் பெருமளவு மிச்சம். பெரிய டப்பாவில் கொஞ்சம் சோறு போடுவதும் நஷ்டக் கணக்கே: சூடு பாதி, அது வெளியேறும் சுவர் முழுசு. பிள்ளை சாப்பிடுகிற அளவுக்குச் சரியான சின்ன டப்பாவைக் கழுத்துவரை நிரப்புவது நல்லது.

சோற்றுக்குச் சோறு வித்தியாசம் உண்டு. குழைந்த சாம்பார் சாதமும் வெண்பொங்கலும் சூட்டை இறுக்கிப் பிடிக்கும். மேலே மிதக்கும் நெய் ஆவியையும் தடுத்துவிடும். இட்லி பஞ்சு மாதிரி, உள்ளெல்லாம் காற்று, சீக்கிரம் ஆறும். சப்பாத்தியை எதில் வைத்தாலும் தன் ஆவியிலேயே நனைந்து ஈரத்துணியாகும். ஒரு துணியில் சுற்றி வைத்தால் பாதி தப்பும். மணப்பாறை முறுக்கை இந்தப் பெட்டிக்குள் யாரும் போடமாட்டார்கள் என்று நம்புவோம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த முறுக்கு நாள்கணக்கில் கெடாமலிருப்பது, எண்ணெய்ச்சட்டியில் ஈரம் முழுக்கப் போய்விடுவதால். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சூடு விவகாரத்தையே ஒதுக்கிவிட்டு ஆறு மணி நேரத்தைக் கடக்கும் வழி ஒன்று முன்பிருந்தே இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவிழ்க்கப்படும் கட்டுச்சோற்று மூட்டைகளைப் பார்த்தால் போதும்: புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். நான்கில் முதலில் ஊசிப்போவது தேங்காய்ச் சாதம் என்று எந்தப் பாட்டியும் சொல்வார். அதில்தான் புளிப்பு இல்லை. அமிலம் ஏறிய சோற்றில் சீரியஸ் வித்து தலையெடுப்பது கடினம். தயிர்ச் சாதத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். மத்தியானம் புளித்துவிடக் கூடாதென்று காலையில் பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைவார்கள். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் டப்பாவுக்குள்ளேயே அது உறைந்துகொண்டிருக்கும். தயிரின் பாக்டீரியா முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுவதால் மற்றவை திணறும். இதை மட்டும் வேக்வம் டப்பாவில் சூட்டோடு அடைக்கக் கூடாது. அந்த நல்ல பாக்டீரியாவும் வெந்துபோகும். ஆறிய சோற்றில் பிசைந்து சாதாரண எவர்சில்வர் டிபனில் போட்டால் போதும். விலையும் குறைவு.

பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வழியே மேல் என்று தோன்றுகிறது. அறுபது டிகிரியில் காக்கப்பட்ட சோறு பாதுகாப்பானது, ஆனால் நான்கு வயதுக் கையையும் நாக்கையும் சுட்டுவிடும். பெரிய பிள்ளை திறந்து வைத்து ஐந்து நிமிடம் காத்திருக்கும். சின்னது காத்திருக்காது.

பெட்டியே வேண்டாம், அடுப்பைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோ என்பது இன்னொரு விடை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில். பள்ளி வளாகத்திலேயே உலை வைத்து, இறக்கிய சூட்டில் தட்டில் போடும்போது ஆறு மணி நேரம் அரை மணி நேரமாகிவிடுகிறது. எந்த வேக்வம் டப்பாவும் அதற்கு ஈடாகாது.

கடைக்குத் திரும்புவோம். எல்லாம் பார்த்து வாங்கிய டப்பா மத்தியானம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வருவதுண்டு. சூடாக மூடியது உள்ளே கொஞ்சம் ஆறியதும் ஆவி நீராகும், அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியின் நடுவில் அமுக்கினால் ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போகிற சின்னக் குமிழ் இருந்தால் கஷ்டமில்லை. அது இல்லாத டப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டு, பக்கத்துப் பையனின் சோற்றில் பங்கு வாங்கித் தின்றுவிட்டு வருகிற பிள்ளை சாயங்காலம் சொல்லும், “தொறக்கவே வரலம்மா.” அதனால் பாத்திரக் கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது உத்தமம். உள்ளே கொஞ்சம் வெந்நீர் ஊற்றித் தரச்சொல்லி, இறுக்க மூடி, கால் மணி நேரம் கழித்து அந்தச் சின்னக் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்லலாம். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார்.