தறிக்குழி மேல ஒரு தண்ணிக் காடு!

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்க பாஸ்? தூங்குவீங்க. திட்டு வாங்குவீங்க. மறுபடி தூங்குவீங்க. நானும் அந்தக் கொள்கையோடதான் காஞ்சிபுரம் வந்து இறங்கினேன். மூணாவது நாள் அம்மா ஒரு குண்டு போட்டாங்க... "அந்த மீன் தொட்டியைக் காயலான் கடையில போடப் போறேன்!"

அத்திவரதர் 40 வருஷம் தண்ணிக்குள்ளேயே இருந்துட்டு 2019-ல வெளியே வந்து தரிசனம் தந்தாரே, ஞாபகம் இருக்கா? எங்க தொட்டி கதை அதுக்கு அப்படியே உல்டா. எட்டு வருஷத்துக்கு மேல சொட்டுத் தண்ணி பார்க்கலை. உள்ளே காலி நூல்கண்டும் தங்கச்சியோட பழைய நோட்டும்தான் நீந்திக்கிட்டு இருந்துச்சு.

எங்க வீடு பிள்ளையார்பாளையத்துல. கூடத்துல தாத்தாவோட குழித்தறி இருந்தது. கண் மங்கினதும் தறியைப் பிரிச்சு, குழியை மூடி சிமென்ட் பூசிட்டாங்க. தறி இல்லாத கூடத்தைப் பார்க்க முடியலைன்னு தாத்தா அதே இடத்துல ரெண்டடி தொட்டி வாங்கி வெச்சார். அஞ்சு கோல்டு ஃபிஷ், பிளாஸ்டிக் செடி, ஒரு ஏர் பம்ப். 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்துச்சு. எங்க தெருவுல மூணு நாள் கரன்ட் இல்லை. பம்ப் நின்னுச்சு. அஞ்சு மீனும் ஒவ்வொண்ணா மிதந்துச்சு. தாத்தாதான் கையால எடுத்து வாழை மரத்தடியில புதைச்சார். அப்போ நான் ஆறாங்கிளாஸ்.

"நான் திரும்ப ஆரம்பிக்கிறேன் தாத்தா"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஆரம்பி. கரன்ட் போனா என்ன செய்வேன்னு சொல்லிட்டு அப்புறம் மீனை விடு"ன்னார். எங்க காலேஜ் வைவாவுல கூட இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை!

முதல்ல லீக் டெஸ்ட். திண்ணையில வெச்சு ரொப்பினேன். ஒரு மூலையில கசிஞ்சுது. பழைய சிலிக்கோனைப் பிளேடால சுரண்டி, புதுசு பூசி ரெண்டு நாள் காயவிட்டேன். (பாத்ரூமுக்கு விக்கிற பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கோன் வேண்டாம். அதுல இருக்கிற மருந்து மீனுக்கு விஷம்.) ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு அடி தொட்டின்னா 56 லிட்டர். தண்ணி மட்டுமே 56 கிலோ! மூடின குழி ஒரு பக்கம் லேசா இறங்கியிருந்ததால, ஸ்டாண்டை மட்டம் பார்த்து முட்டுக் கொடுக்கவே அரை நாள் போச்சு.

அடியில உரம் போடாத தோட்டத்து மண் ஒரு இன்ச். அதை மூடுறதுக்குக் கழுவின மணல் ரெண்டு இன்ச். இது என் கண்டுபிடிப்பு இல்லீங்க. டயானா வால்ஸ்டாட்னு ஒரு அமெரிக்க அம்மா 1999-ல புத்தகமே போட்டு பிரபலமாக்கின முறை. அவங்களுக்கும் முன்னாடி, 1850-ல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்கிற கெமிஸ்ட் ரெண்டு கோல்டு ஃபிஷ், வாலிஸ்னேரியா செடி, கொஞ்சம் நத்தை, இதை மட்டும் வெச்சே தொட்டியை ஓட்டிக் காட்டினார். மீன் விடுற கழிவு செடிக்கு, செடி விடுற ஆக்ஸிஜன் மீனுக்கு, அழுகின இலை நத்தைக்கு. கரன்ட்டே இல்லாத காலம் பாஸ் அது! தாத்தா கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைச்சிடுச்சு.

செடிக்கு சென்னை கொளத்தூர். வண்ண மீனுக்குன்னே தெருத்தெருவா கடை. வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரின், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ்... எல்லாம் அதிகம் அலட்டிக்காத செடிங்க. பக்கோபான்னு ஒண்ணை நீட்டினாங்க. பார்த்தா நம்ம நீர்ப்பிரம்மி! அப்போனோஜெட்டான்னு ஸ்டைலா ஒரு கிழங்கு இருந்துச்சு. அது நம்ம ஏரியில கிடக்கிற கொட்டிக்கிழங்குக்குச் சொந்தக்காரன். ஊர்ல சும்மா கிடக்கிறதைக் காசு கொடுத்து வாங்கினேன்னு தங்கச்சி இன்னும் கலாய்க்கிறா. ஜாவா ஃபெர்னோட கிழங்கை மண்ணுல புதைச்சா அழுகிடும், கல்லுல கட்டணும். தாத்தா சாயம் போடாத நூலை எடுத்து, பாவு பிணைக்கிற அதே விரலால அரை நிமிஷத்துல கட்டிட்டார். நான் கட்டினது ரெண்டு தடவை அவிழ்ந்துச்சு. நோ கமென்ட்ஸ்.

இனிமேதான் என் வீரதீரம். பழைய டியூப் லைட் அழுதுக்கிட்டே எரிஞ்சது. நாமதான் இன்ஜினீயர் ஆச்சே... மாடியில கிடந்த 50 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட்டை மேலே தொங்கவிட்டு, தினமும் 12 மணி நேரம் போட்டேன். பத்தே நாள்தான். தண்ணி பசலைக்கீரை சூப் ஆயிடுச்சு!

தாத்தா எட்டிப் பார்த்துட்டு சொன்னார்: "கோர்வைத் தறியில ரெண்டு பேர் உட்காரணும்டா. நெசவாளி பாட்டுக்கு வேகமா ஓட்டினா, கரைக்கு நாடா போடுற பையன் என்ன பண்ணுவான்? நூல்தான் சிக்கும்." அட, இதுதானே விஷயம்! செடி வளர வெளிச்சம் மட்டும் போதாது. கார்பன் டை ஆக்ஸைடும் சத்தும் அதே வேகத்துல கிடைக்கணும். தண்ணியில கரைஞ்சிருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம்தான். செடி பயன்படுத்த முடியாத வெளிச்சம் பாசிக்கு விருந்து.

இன்னொரு குட்டும் வெச்சார். ஒரு அரக்குப் பட்டுத் துணியை லைட் கீழே பிடிச்சு, "பாரு, சாயம் போன மாதிரி தெரியுது. இந்த வெளிச்சத்துல மீன் மட்டும் எப்படி நிறமா தெரியும்?"னார். மலிவு எல்.இ.டி.யில ஆழ்ந்த சிவப்பு குறைவு. நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுற திறனுக்கு சி.ஆர்.ஐ.ன்னு ஒரு எண் உண்டு. சூரிய ஒளிக்கு 100. நான் டெக்ஸ்ட் புக்ல படிச்சு மறந்ததை, அவர் 40 வருஷமா துணியைத் திண்ணைக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்த்தே கண்டுபிடிச்சிருக்கார்.

கடைசியில சி.ஆர்.ஐ. 90-க்கு மேல, 6,500 கெல்வின்ல 20 வாட் லைட். டைமர் போட்டு தினமும் ஏழு மணி நேரம் மட்டும். ரெண்டு மாசத்துக்கு 8.4 யூனிட்தான் ஆகும்னு கணக்கு போட்டுக் காட்டினதும் அம்மா அமைதி ஆனாங்க. வாரம் ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தினேன். மூணு வாரத்துல தெளிஞ்சுது. நடுவுல கிரிப்டோகோரின் இலை எல்லாம் கரைஞ்சு போச்சு. பதறிப் பிடுங்கிடாதீங்க. இடம் மாறினா அது அப்படித்தான் பண்ணும், வேர்ல இருந்து மறுபடி துளிர்க்கும். (வெட்டின செடியை ஏரியில வீசாதீங்க ப்ளீஸ். ஆகாயத்தாமரையும் அழகுக்குன்னு வந்ததுதான்.)

அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா பெருக நாலஞ்சு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்ல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டினப்புறம்தான் தாத்தாகிட்ட பதில் சொன்னேன். மீன் கம்மி, ஆறு ஜீப்ரா டானியோ மட்டும். பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல செடி ஆக்ஸிஜன் தரும். ராத்திரி செடியும் சேர்ந்து மூச்சு விடும், அதனால விடியக்காலைதான் ஆபத்தான நேரம். அதுக்கு பேட்டரி ஏர் பம்ப். ஃபில்டர் ரொம்ப நேரம் நின்னிருந்தா, கழுவாம ஆன் பண்ணக்கூடாது. மனுஷன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ம்"னார். அவ்ளோதான்.

மீன் விட்ட ஒன்பதாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மழை, காத்து... கரன்ட் கட். பேட்டரி பம்பை மாட்டிட்டுப் படுத்தேன். தூக்கம் வரலை. நாலரை மணிக்கு செல்போன் டார்ச்சோட கூடத்துக்குப் போனா, தொட்டி முன்னாடி தாத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில அவரோட பழைய டார்ச்.

"ஆறும் இருக்குடா. நீ போய்ப் படு" என்றார்.