ஒட்டுப் போட்டாயிற்றா?

எங்கள் புதுமடத்தில் கடலுக்குப் போகுமுன் வலையை விரித்து, கிழிந்த கண்களைத் தைப்பார்கள். சர்வர் மென்பொருளுக்கும் 'பேட்ச்' எனும் ஒட்டு உண்டு. வீட்டாருக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்.

2017 மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் விண்டோசின் ஓர் ஓட்டைக்கு ஒட்டு வெளியிட்டது. மே 12-இல் அதே ஓட்டை வழியே 'வானாக்ரை' நுழைந்தது. ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும் தப்பவில்லை. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் சில நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எச்சரிக்கை அங்கே முன்பே போயிருந்தது; யார் ஒட்டுப் போட்டார்கள் எனச் சரிபார்க்கும் முறைதான் இல்லை என்றது அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம்.

அதற்கே இணக்க அறிக்கை. எந்தச் சர்வரில் ஒட்டு விடுபட்டது, எது மறுதொடக்கத்துக்குக் காத்திருக்கிறது என்று காட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று மகிழ்வது நம் தேர்வுக்குப் பொருந்தும், நண்பர்களே! இங்கே விடுபட்ட பத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அறிக்கையில் பெயரே வராத சர்வர் அதனினும் ஆபத்து. அதை யாரும் சோதிக்கவேயில்லை.