கால் பிரண்டால் உடனே உருவிவிடாதீர்கள்!

மாடிப்படியின் கடைசிப் படியைக் கவனிக்காமல் இறங்கும்போதோ, பிள்ளைகள் மைதானத்தில் பந்தை விரட்டும்போதோ, கணுக்கால் சட்டென உட்பக்கமாக மடங்கிவிடுகிறது. சற்று நேரத்தில் வீக்கம். உடனே வீட்டில் பெரியவர் ஒருவர் எண்ணெயைச் சூடாக்கி வந்து அழுத்தி உருவத் தொடங்குவார். அன்பினால் செய்வதுதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள்களில் செய்யவே கூடாதது அதுதான்.

எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரை மருத்துவர்கள் லிகமென்ட் என்பார்கள். அது அளவுக்கு மீறி இழுபட்டு, அதன் இழைகள் சில அறுந்துபோவதே சுளுக்கு. கூடவே நுண்ணிய ரத்தக்குழாய்களும் கிழிவதால்தான் வீக்கமும் நீலம் பாய்வதும். 'நரம்பு பிசகிவிட்டது' என்கிறோமே, அங்கே இழுத்துச் சரியான இடத்தில் வைக்க வேண்டிய நரம்பு எதுவும் இல்லை. சூடும் அழுத்தமும் உள்கசிவைக் கூட்டும். பாரம் தூக்கும்போது முதுகிலோ, ஓடும்போது பின்தொடையிலோ சுரீரென்று பிடிப்பது வேறு. அங்கே கிழிவது தசை. முதலுதவி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஐஸ் வேண்டாம். கிரேப் பேண்டேஜை விரல்கள் மரத்துப்போகாத அளவுக்குச் சுற்றி, படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வேறு வலி மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் கேட்காமல் விழுங்க வேண்டாம்.

சரி, எலும்பு முறிந்திருந்தால்? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட ஒரு விதி இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளில், குறிப்பாகப் பின்விளிம்பில், தொட்டால் வலிக்கிறதா? பாதத்தின் வெளியோர நடு எலும்பிலோ, உட்பக்க நடு எலும்பிலோ அப்படி வலிக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பாதம் கோணியிருந்தாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அவர்களுடைய எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு, லிகமென்ட்டைவிட பலவீனமானது. நமக்குச் சுளுக்காக முடியும் அதே அடி, பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாகலாம். 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.

முறிவு இல்லையென்றால் மூன்றாம் நாளிலிருந்து வலி தாங்கும் அளவுக்குக் காலை அசைக்கலாம், நடக்கலாம். வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் மூட்டு இறுகிவிடும். தொழுகை இருப்பில் பாதத்தை மடக்குவது வலித்தால், ஆறும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழலாம். வலியைக் கடித்துக்கொண்டு மடக்க வேண்டியதில்லை.

லேசான சுளுக்கு ஓரிரு வாரத்தில் ஆறும். நார் பாதி அறுந்திருந்தால் ஆறு வாரமும் ஆகலாம். வலி போனதும் பலர் மறந்துவிடுவதால்தான் அதே கால் மீண்டும் மீண்டும் பிரள்கிறது. தினமும் சுவரருகே நின்று, அந்த ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கப் பழகுங்கள். தடுமாறாமல் நிற்கவும், வலியின்றி அந்தக் காலால் நொண்டிக் குதிக்கவும் முடிந்த பிறகே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புங்கள்.