பெயரை மட்டும் நம்பலாமா? பழைய கன்செர்ட்டினாவைச் செய்தவர் யார்?

ஹார்மோனியப் பெட்டியைப் பார்க்காத தமிழர் அரிது. துருத்தியை அசைத்தால் காற்று பாய்கிறது. உள்ளே இருக்கும் உலோக ரீடு அதிர்ந்து ஒலி எழும்புகிறது. இதே முறையில் ஒலிக்கும் சிறிய கருவிதான் கன்செர்ட்டினா. இரு கைகளுக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி, நடுவே மடிப்பு மடிப்பான துருத்தி, இரு பக்கமும் பொத்தான்கள். அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தாத்தா வாசித்த கன்செர்ட்டினா வீட்டுப் பரணில் கிடப்பது உண்டு. அதை விற்க நினைக்கும் குடும்பத்தின் முன் எழும் முதல் கேள்வி, 'இதைச் செய்தவர் யார்?' என்பதே. சார்ல்ஸ் ஜெஃப்ரீஸ் செய்த நல்ல கருவி என்றால் பல ஆயிரம் பவுன் கிடைக்கும். அதே வடிவத்திலுள்ள சாதாரணக் கருவிக்குச் சில நூறு பவுன்தான். விவரம் தெரியாத குடும்பம் பொக்கிஷத்தை அற்ப விலைக்குக் கொடுத்துவிடலாம். விவரம் தெரியாமல் வாங்குபவரோ வெறும் பெயருக்குப் பணத்தைக் கொட்டிவிடலாம்.

மேலே எழுதியிருக்கும் பெயரைப் படித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலக் கன்செர்ட்டினாவை உருவாக்கியவர் சார்ல்ஸ் வீட்ஸ்டன். இவருடைய 1829ஆம் ஆண்டுக் காப்புரிமையில் இதன் அடிப்படை அமைப்பு உள்ளது. 1844இல் இன்னொரு காப்புரிமையும் பெற்றார். பள்ளியில் இயற்பியல் படித்தவர்களுக்கு 'வீட்ஸ்டன் பாலம்' என்ற மின்சுற்று நினைவிருக்கும். அதே வீட்ஸ்டன்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றை முதலில் வகுத்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்பவர். வீட்ஸ்டன் அதை மறைக்கவில்லை. ஆனாலும் உலகம் வீட்ஸ்டன் பெயரையே பிடித்துக்கொண்டது.

கன்செர்ட்டினாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். லண்டன் கான்டுயிட் தெருவில் இருந்த வீட்ஸ்டன் நிறுவனத்திற்கு 1840களின் இறுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள் பாகங்களைச் செய்து கொடுத்தவர், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த லூயி லாஷனல். பெட்டியின் மேல் வீட்ஸ்டன் பெயர். உள்ளே லாஷனல் பட்டறையின் உழைப்பு. 1858 வாக்கில் அவர் தனித்தொழில் தொடங்கினார். ஆனால் 1861இல் காலமாகிவிட்டார். தொழிற்சாலையை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தியவர் அவருடைய மனைவி எலிசபெத். 1873இல் தொழில் கைமாறும்வரை பெட்டியில் ஒட்டப்பட்ட சீட்டில் இருந்தது 'லூயி லாஷனல்' என்ற பெயர்தான். இறந்தவர் பெயரில் கருவிகள் வந்துகொண்டிருந்தன. நடத்திய பெண்மணியின் பெயர் எங்கும் இல்லை. 'லாஷனல் அண்ட் கோ' என்ற சீட்டு அதற்குப் பிறகே வந்தது. ஆகவே இந்தச் சிறு வேறுபாடு கருவியின் காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவுகிறது.

கடைக்காரர் பெயர்

இன்னொரு சிக்கலும் உண்டு. இசைக்கருவிக் கடைகள் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கன்செர்ட்டினா செய்த கிராப் குடும்பத்தின் கருவிகள் சில, 'பால் பீவன்' என்ற வணிகர் பெயரில் விற்பனையாயின. இரட்சணிய சேனையின் பெயர் தாங்கிய கருவிகளும் இருக்கின்றன. விற்றவர் யார் என்பதைத்தான் இத்தகைய பெயர்கள் சொல்கின்றன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உள்ளே பார்க்க வேண்டும். அறுகோணக் கருவியில் ஒவ்வொரு பக்கமும் ஆறு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் பொத்தான்களின் அடியிலுள்ள நெம்புகோல்களும், அதற்கும் கீழே ரீடுகள் பொருந்திய மரத்தட்டும் தெரியும்.

முதலில் ரீடுகள். ஒவ்வொரு ரீடும் தனித்தனிப் பித்தளைச் சட்டத்தில் அமைந்து, மரத்தட்டில் வெட்டிய பள்ளத்தில் செருகப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆங்கிலேயப் பட்டறையில் உருவானது. ஒரே நீண்ட உலோகத் தகட்டில் பல ரீடுகள் வரிசையாக இருந்தால் அது ஜெர்மானியக் கருவி. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரெட்ரிக் ஊலிக் 1834இல் தொடங்கிவைத்த மரபு அது. ஆங்கிலப் பெயர் ஒட்டியிருந்தாலும் இந்தத் தகடு உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்து நெம்புகோல். கம்பியை வளைத்துக் கொக்கி போல் மாட்டிய எளிய அமைப்பு லாஷனல் கருவிகளில் வழக்கம். ஜெஃப்ரீஸ், கிராப் கருவிகளில் நெம்புகோல் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். வேலையும் செலவும் கூடுதல், அசைவோ சீரானது. மரத்தில் பதித்த எண், எழுத்து அச்சுகளின் வடிவத்தையும் பழகிய பழுதுபார்ப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பட்டறையும் தன்னிடமிருந்த அச்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது அல்லவா?

வரிசை எண் இருந்தால் பெரும் உதவி. வீட்ஸ்டன் நிறுவனத்தின் பழைய கணக்குப் பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1891க்கும் 1910க்கும் இடைப்பட்ட ஏடுகள் இல்லை. இருப்பவற்றை இணையத்திலும் பார்க்கலாம். எண்ணைத் தேடினால் அந்தக் கருவி எப்போது விற்பனையானது என்பது தெரியவரும். பழைய ஏடுகளில் வாங்கியவர் பெயரே இருக்கும். அவர்களில் பெண்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல் என்பது கவனிக்கத்தக்கது. லாஷனல் நிறுவனத்திற்கு இப்படிப் பேரேடுகள் எஞ்சவில்லை. அதன் எண் வரிசை 'ஆங்கிலோ' வகையில் மட்டும் 2 லட்சத்தைத் தாண்டுகிறது. சீட்டு, முகவரி, எண் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஆண்டைக் கணிக்க முடியும்.

விலை உயர்ந்த ஜெஃப்ரீஸ் கருவிக்கு வரிசை எண்ணே கிடையாது. 1841இல் பிறந்து 1906இல் மறைந்த அவர், லண்டன் பிரேட் தெருவில் தொழில் நடத்தினார். பக்க உலோகத் தகட்டில் 'சி. ஜெஃப்ரீஸ், மேக்கர்' என்று பொறித்திருக்கும். உலோகத்தில் ஒரு பெயரைப் புதிதாகப் பொறிப்பது ஏமாற்ற நினைப்பவருக்குப் பெரிய காரியமா என்ன? ரீடுகளையும், நெம்புகோல்களையும், அச்செழுத்துகளையும் போலியாக உருவாக்குவதுதான் கடினம். அதனால் பெரும் தொகை கொடுக்குமுன் உள்ளே பார்க்க அனுமதி கேட்பது நியாயமானதே. மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பது நல்லது.

இரு பக்கத்திலும், ரீடு தட்டுகளிலும், துருத்தியின் சட்டத்திலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு மூன்று கருவிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம். கழற்றும்போது அளவான திருப்புளியைப் பயன்படுத்தி, திருகாணிகளை எடுத்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வைப்பது வழக்கம்; இடம் மாறினால் பிறகு சரியாகப் பொருந்தாது. உள்ளே இருக்கும் பழைய காகிதச் சீட்டு அழுக்காக இருக்கிறதே என்று மட்டும் கிழித்துவிடக் கூடாது.